ப்ரியா லைன்

முடிச்சூர்
8 ஜூலை

ஷ்யாம்,

நேற்று முழுக்க உனக்குப் போன் செய்தேன். நீ எடுக்கவில்லை. ராத்திரி வாட்ஸப்பில் ஒரு லிங்க் மட்டும் அனுப்பினாய். தொட்டால் உங்கள் ஆபீஸின் புகார்ப் பக்கம் திறக்கிறது. பெயர் கேட்கிறது, வயது கேட்கிறது, புகார் என்ன வகை என்று கேட்கிறது. அக்காவின் புகார் என்று அதில் ஒரு வகை இல்லை. அதனால் காகிதத்தில் எழுதுகிறேன். இங்கிருந்து கீழ்க்கட்டளைக்குத் தபால் வந்து சேர எத்தனை நாளாகுமோ தெரியாது.

நேற்றுக் காலை நடந்ததைச் சொல்கிறேன். தாம்பரம் பள்ளிக்குக் கிளம்பி, தூண்மேல் குழாய் மாதிரி நீ கட்டியிருக்கிற சைக்கிள் பாதையின் முடிச்சூர் கேட்டுக்கு வந்தேன். ஏதோ வேலை என்று இரண்டு வாரம் மூடிவைத்திருந்து நேற்றுத்தான் திறந்தீர்கள். புதிதாக ஒரு விளக்கு வைத்திருக்கிறீர்கள். தரையிலிருந்து குழாய்க்குள் ஏறுகிற அந்தச் சரிவை வேகமாக மிதித்து ஏறினால் பச்சை விழுந்து தடுப்பு திறக்கிறது. மெதுவாக ஏறினால் சிவப்பு. எனக்குச் சிவப்பு விழுந்தது. போதாததற்கு ஒரு மணி வேறு அடிக்கிறது, பரீட்சையில் கோட்டை விட்டவன் பெயரை மைக்கில் வாசிக்கிற மாதிரி.

எனக்குப் பின்னால் கம்பெனிக்குப் போகிற பையன்கள், நான் பாடம் எடுக்கிற வகுப்புப் பெண்கள் இரண்டு பேர், எல்லோரும் சரிவில் ஒற்றைக் காலை ஊன்றிக்கொண்டு நின்றார்கள். நான் இறங்கி, சைக்கிளைத் திருப்பி, அத்தனை பேரையும் தாண்டிக் கீழே வர வேண்டியிருந்தது. நடந்து வர வேண்டியிருந்தது, ஷ்யாம்.

என் இடது கால் நடந்தால் எப்படி இருக்கும் என்று உனக்குச் சொல்ல வேண்டியதில்லை. இருந்தாலும் சொல்கிறேன், உனக்கு மறந்துவிட்டது போலிருக்கிறது. போலியோவில் சூம்பிப்போன கால். ஒவ்வோர் அடிக்கும் உடம்பு ஒரு பக்கமாகச் சாயும். சைக்கிளில் ஏறிவிட்டால் மட்டும் அது சுடிதாருக்குள் ஒளிந்துகொள்ளும். பாதத்தைப் பெடலோடு பட்டை போட்டுக் கட்டியிருப்பது குனிந்து பார்த்தால்தான் தெரியும். வீட்டு வாசலிலிருந்து பள்ளி வாசல் வரைக்கும் நான் நொண்டி இல்லை. ஒரு நாளில் எனக்குக் கிடைக்கிற நேரம் அவ்வளவுதான்.

கேட்டில் உங்கள் சின்ன என்ஜினியர் ஒருவன் நின்றிருந்தான். ஜெபகுமார் என்று சட்டையில் எழுதியிருந்தது. நான் உன் அக்கா என்று அவனுக்குத் தெரியாது. ஆறுதலாகத்தான் சொன்னான்.

"சாரி மேடம். நீங்க ப்ரியா லைனுக்குக் கீழ வர்றீங்க. ரூல் மேடம், நான் ஒண்ணும் பண்ண முடியாது."

"அது என்னப்பா ப்ரியா லைன்?"

"மினிமம் ஸ்பீடு மேடம். ஆபீஸ்ல அப்படித்தான் சொல்லுவோம். எதுக்குன்னு தெரியல, சார் வெச்ச பேரு."

சாருக்குத் தெரியும் அல்லவா? எழுது.

சரி, ரோட்டிலேயே போகலாம் என்று பார்த்தேன். குழாயின் தூண்கள் ரோட்டோரத்தை விழுங்கிவிட்டன. மிச்சம் இருக்கிற இடத்தில் லாரியும் தண்ணீர் வண்டியும் உரசிக்கொண்டு போகின்றன. ஒரு போர்டு தொங்குகிறது: 'சைக்கிளுக்கு அனுமதி இல்லை. மேலே செல்லவும்.' டிராபிக் போலீஸ்காரர் என்னைப் பார்த்து லத்தியால் மேலே காட்டினார். மேலே சிவப்பு. கீழே லத்தி. நேற்று லீவு போட்டேன். இன்றைக்கும் லீவு.

இந்தக் குழாய் வர வேண்டும் என்று காலனியில் வீடு வீடாகப் போய்க் கையெழுத்து வாங்கியவள் நான். தாம்பரத்துக்குப் போக இனிமேல் பஸ்ஸுக்குத் தொங்க வேண்டாம் என்று எல்லோரிடமும் சொன்னவள் நான். திங்கட்கிழமைக்குள் எனக்கு ஒரு வழி செய். பள்ளிக்கு நானாகப் போய் நானாகத் திரும்ப வேண்டும். அதற்கு மேல் நான் உன்னிடம் ஒன்றும் கேட்கவில்லை.

ப்ரியா


கீழ்க்கட்டளை
15 ஜூலை

அன்புள்ள அக்காவுக்கு,

அம்மாவுக்கு என் நமஸ்காரம். போனில் பேசினால் நீ கத்துவாய், நானும் கத்துவேன், என்னைக் கட்டிக்கொண்ட பாவத்துக்கு ஜெயஸ்ரீ நடுவில் புகுந்து சமாதானம் செய்வாள். எழுதினால் முடிக்கும்வரை படிப்பாய். அதனால் நானும் எழுதுகிறேன்.

முதலில் அந்தப் பெயர். கோபப்படாதே. வெள்ளம் வந்த அந்த டிசம்பரில் நீ இடுப்பளவு தண்ணீரில் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு நின்றதைப் பார்த்துத்தான் எனக்கு இந்த யோசனையே வந்தது. தரைக்கு மேலே, தூணில், மழை படாமல், வெயில் படாமல், முதுகுக்குப் பின்னாலிருந்து ஃபேன் காற்று தள்ளிவிட சைக்கிளில் போகிற ஒரு பாதை. நான் காட்டிய முதல் படத்திலேயே உன் போட்டோதான் இருந்தது. ப்ரியா போகிற வேகத்தில் யார் வேண்டுமானாலும் போக முடிய வேண்டும் என்று ஆபீஸில் ஒரு கோடு போட்டேன். அதுதான் ப்ரியா லைன். உன் சைக்கிளில் ஒரு கறுப்பு டப்பா மாட்டிவிட்டேனே, திருட்டுப் போகாமல் இருக்க என்று, அதில்தான் உன் வேகத்தைப் பார்த்துக்கொண்டோம். செல்லமாக வைத்த பெயர் அது.

பாதையைத் திறந்த பிறகு நடந்தது வேறு. இரண்டு வரிசைக்கு இடம் வேண்டுமென்றால் முடிச்சூர் ரோட்டில் பாதிக் கடைகளை இடிக்க வேண்டும். அதனால் போக ஒரு வரிசை, வர ஒரு வரிசை, நடுவில் சுவர். முந்த முடியாது. மூன்று செகண்டுக்கு ஒரு சைக்கிள் உள்ளே போனால் மணிக்கு ஆயிரத்து இருநூறு பேர். அது நடக்க வேண்டுமென்றால் எல்லோரும் ஏறக்குறைய ஒரே வேகத்தில் போக வேண்டும். ஒருவர் மெதுவாகப் போனால் அவருக்கு முன்னால் வெறும் குழாய், பின்னால் நெரிசல். ஃபேன் காற்றும் ஓடுகிற சைக்கிளுக்குத்தான் போதும், நிற்கிற சைக்கிளுக்குப் போதாது. உள்ளே வெந்துவிடுவார்கள். முதல் மாதம் வந்த புகார்களில் பாதி உன்னைப் பற்றியும், கூடை வைத்துக்கொண்டு போகிற கீரைக்கார அம்மாவைப் பற்றியும். பெயர் தெரியாமல்தான் எழுதியிருந்தார்கள், எனக்குத் தெரிந்துவிட்டது.

அதனால் அந்தக் கோட்டுக்கு மேலே இருப்பவர்கள் மட்டும் என்று ஆக்கினோம். பெயர் பழைய பெயராகவே நின்றுவிட்டது. பதினொரு மணியிலிருந்து நாலு மணி வரை விளக்கு கிடையாது, எல்லோரும் போகலாம். காலையில் பள்ளிக்கு உனக்கு ஒரு ஆட்டோ ஏற்பாடு செய்கிறேன். மோட்டார் வைத்த சைக்கிளைக் கேட்காதே, பேட்டரி தீப்பிடித்தால் மூடிய குழாயில் என்ன ஆகும் என்று உனக்கே தெரியும்.

செப்டம்பரில் பாதையைப் பார்வையிட கவர்மெண்ட் கமிட்டி வருகிறது. அவர்கள் சரி என்று சொன்னால் பாதை தாம்பரத்திலிருந்து மேடவாக்கம், கோவிலம்பாக்கம் வழியாகக் கீழ்க்கட்டளை வரை நீளும். என் பத்து வருஷம் அதில்தான் இருக்கிறது. கொஞ்சம் பொறுத்துக்கொள்.

ஷ்யாம்


முடிச்சூர்
20 ஜூலை

ஷ்யாம்,

உன் கடிதத்தை அம்மாவுக்கு வாசித்துக் காட்டினேன். "அவன் சொன்னா சரியாத்தாண்டி இருக்கும்" என்றாள். உனக்கு ஒரு ஓட்டு விழுந்துவிட்டது, வைத்துக்கொள்.

நான் கணக்கு டீச்சர் என்பதையும் மறந்துவிட்டாய். மணிக்கு ஆயிரத்து இருநூறு பேர் என்று மார்தட்டுகிறாய். ஒரு டவுன் பஸ்ஸில் அறுபது பேர் என்று வைத்தால் அது இருபது பஸ். இருபது பஸ்ஸுக்கு ஒரு ரோட்டைத் தின்று, வானத்தில் ஒரு குழாயைக் கட்டி, அதற்கு ஃபேன் போட்டு, கரெண்ட் போட்டு, கடைசியில் ஒரு நொண்டியும் ஒரு கீரைக்காரியும் குறுக்கே வந்தால் எல்லாம் படுத்துவிடும் என்றால் அது என்ன போக்குவரத்து? பஸ்ஸில் மெதுவாக ஏறுகிறவனும் வேகமாக ஏறுகிறவனும் ஒரே நேரத்தில்தான் இறங்குகிறார்கள். உன் குழாயில் திடகாத்திரமானவர்கள் மட்டும் போகலாம். அவர்கள் ரோட்டிலேயே போய்க்கொண்டுதான் இருந்தார்கள்.

பதினொரு மணிக்கு எந்தப் பள்ளியில் முதல் பீரியட், சொல். ஆட்டோ அனுப்புகிறானாம். ஆட்டோவில் ஏறும்போது எந்தக் காலை முதலில் வைப்பது என்று நான் நிற்பேன், டிரைவர் இறங்கி வந்து கையைப் பிடிப்பார், பள்ளி வாசலில் வாட்ச்மேன் கையைப் பிடிப்பார். இருபது வருஷமாக யார் கையையும் பிடிக்காமல் போய் வந்தவள் நான்.

கறுப்பு டப்பாவைக் கழற்றிக் குப்பையில் போட்டுவிட்டேன். திருட்டுப் போகாமல் இருக்க என்று சொல்லித்தானே மாட்டினாய்? திருட்டே அதில்தான் நடந்திருக்கிறது.

இரண்டு வழி சொல்கிறேன். குழாயின் நடுவில் ஒரே ஒரு இடத்தில் கொஞ்சம் அகலப்படுத்து, நான் ஒதுங்கி நின்று பின்னால் வருகிறவர்களை விடுகிறேன். முடியாதென்றால் காலையில் கூட்டம் வருவதற்கு முன்னால் அரை மணி நேரம் விளக்கை அணைத்துவை. கோழி கூவும்போதே கிளம்பிவிடுகிறேன், பள்ளித் திண்ணையில்—வேண்டாம், வாட்ச்மேன் ஸ்டூலில் உட்கார்ந்து நோட்டுத் திருத்துகிறேன். இதற்கு மேல் யாரும் இறங்கி வர முடியாது.

ஹெட்மிஸ்ட்ரஸ் நேற்றுக் கூப்பிட்டு, வீட்டுப் பக்கத்திலேயே ஏதாவது சின்னப் பள்ளி பார்த்துக்கொள்ளலாமே என்று அன்பாகக் கேட்டார். அன்பாகக் கேட்டால் எனக்குப் பயமாக இருக்கிறது.

ப்ரியா


கீழ்க்கட்டளை
2 ஆகஸ்ட்

அக்கா,

உன் இரண்டு வழியும் நடக்காது. நடுவில் அகலப்படுத்தினால் தூண் தாங்காது. விளக்கை அரை மணி அணைத்தால், எங்களுக்கும் ஒரு அரை மணி என்று கர்ப்பிணிகள் கேட்பார்கள், குழந்தையைக் கேரியரில் வைத்த அப்பாக்கள் கேட்பார்கள், வயதானவர்கள் கேட்பார்கள். கேட்டால் கொடுக்க வேண்டும். அப்புறம் வேகமாகப் போகிறவர்களுக்கு எப்போது நேரம்? எல்லோருக்குமான ஒன்றைக் கட்டும்போது சிலரை விட்டுத்தான் கட்ட வேண்டும். அந்தச் சிலரில் நீ இருப்பது என் துரதிருஷ்டம்.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன், இதுவரை யாரும் உன் முகத்துக்கு நேரே சொன்னதில்லை. சின்ன வயதிலிருந்து நீ எதைக் கேட்டாலும் அந்தக் காலை முன்னால் நிறுத்தித்தான் கேட்பாய். ஜன்னல் சீட் உனக்கு, மாடி ரூம் வேண்டாமென்று கீழ் ரூம் உனக்கு, அம்மா முழுக்க உனக்கு. எனக்கு இரண்டு காலும் நன்றாக இருந்ததால் நான் எதையும் கேட்கவில்லை. இப்போது முதல்முறையாக எனக்கென்று ஒன்றைக் கட்டியிருக்கிறேன். அதற்குள்ளும் உன் காலைக் கொண்டுவந்து நீட்டுகிறாய்.

கமிட்டி செப்டம்பர் முதல் புதன்கிழமை காலையில் வருகிறது. கூட்ட நேரத்தில் மக்களோடு சேர்ந்து தாங்களும் சைக்கிளில் போய்ப் பார்க்க வேண்டும் என்கிறார்கள். அன்றைக்குத் தயவு செய்து கேட் பக்கம் வந்து ஜெபகுமாரிடம் தகராறு செய்யாதே.

ஷ்யாம்


முடிச்சூர்
9 ஆகஸ்ட்

ஷ்யாம்,

படித்தேன். ஜன்னல் சீட்டை இத்தனை வருஷம் மனதில் வைத்திருந்தாய் என்று தெரியாது. கேட்டிருந்தால் கொடுத்திருப்பேன்.

தகராறு செய்ய மாட்டேன். ஒரே ஒரு சந்தேகம், கணக்கு டீச்சர் சந்தேகம் என்று வைத்துக்கொள். வேகத்தை அந்தச் சரிவில் மட்டும்தான் அளக்கிறீர்களா, உள்ளேயும் அளக்கிறீர்களா? சரிவில் பச்சை விழுந்துவிட்டால் ரூல்படி யார் வேண்டுமானாலும் போகலாமா?

ப்ரியா


கீழ்க்கட்டளை
17 ஆகஸ்ட்

அன்புள்ள அக்காவுக்கு,

நீ புரிந்துகொண்டது எனக்கு எவ்வளவு நிம்மதி தெரியுமா? போன கடிதத்தில் கொஞ்சம் கடுமையாக எழுதிவிட்டேன், ஜெயஸ்ரீ கூடத் திட்டினாள்.

ஆமாம், சரிவில் மட்டும்தான். ஏற்றத்தில் ஏறுகிறவனுக்குச் சமதரை ஒரு பொருட்டே இல்லை. அதனால் உள்ளே அளக்கிற கருவி வைக்கவில்லை, அதுதான் என் டிசைனில் எல்லோரும் பாராட்டிய இடம். பச்சை விழுந்தால் யாரும் தடுக்க முடியாது, நானே வந்தாலும் முடியாது. உள்ளே போய்ப் பார்த்தால் தாம்பரம் வரை வெளியே வர வழி கிடையாது, அவ்வளவு சுத்தமான பாதை. சத்தம் எப்படிப் போகிறது தெரியுமா? பின்னால் தூரத்தில் ஒருவர் சாதாரணமாகப் பேசினாலும் முன்னால் போகிறவருக்குக் காதருகில் கேட்கும். கமிட்டிக்கு அதைக் காட்டலாம் என்றிருக்கிறேன்.

ஆட்டோவை எப்போதிலிருந்து வரச் சொல்ல?

ஷ்யாம்


கீழ்க்கட்டளை
13 செப்டம்பர்

ப்ரியா,

கமிட்டி வந்து போய்ப் பத்து நாள் ஆகிவிட்டது. எழுதிக் கிழித்துப் போட்டதெல்லாம் போக இதை எழுதுகிறேன்.

கேட்டில் நான் உன்னைக் கவனிக்கவில்லை. கமிட்டித் தலைவருக்கு சைக்கிள் சீட்டைச் சரிசெய்துகொண்டிருந்தேன். உள்ளே போய்ச் சிறிது தூரத்தில் வரிசை தடுமாறியது. தலையை நீட்டிப் பார்த்தால் முன்னால் உன் பச்சை சுடிதார். பட்டை கட்டிய பெடல். எப்படி ஏறினாய்? ஜெபகுமார் சத்தியம் செய்கிறான், பச்சை விழுந்தது, 'சூப்பர் மேடம்' என்று கைதட்டினேன் என்கிறான். அவனை வேலையிலிருந்து நிறுத்திவிட்டேன்.

முதல் பாதி வரைக்கும் சமாளித்திருப்பேன். மெதுவாகத்தான் போனாய், இருந்தாலும் போனாய். தலைவர் சிரித்துக்கொண்டுதான் வந்தார். சும்மா பேச்சுக்கு என்னிடம் ஏதோ கேட்டார், நானும் ஏதோ சொல்லி வைத்தேன். அதற்கப்புறம் நீ செய்தது இருக்கிறதே, அதை என் ஜென்மத்துக்கும் மறக்க மாட்டேன். சைக்கிள் விழாமல் எவ்வளவு மெதுவாக மிதிக்க முடியுமோ அவ்வளவு மெதுவாக மிதித்தாய். வேண்டுமென்றே. நடந்தால்கூடச் சீக்கிரம் போயிருக்கலாம். பின்னால் முடிச்சூர் கேட் வரைக்கும் சைக்கிள் நின்றுவிட்டது. எல்லோரும் பெல் அடிக்கிறார்கள், அந்தக் குழாய்க்குள் அந்தச் சத்தம் மண்டையைப் பிளக்கிறது. ஃபேன் காற்று யாருக்கும் போதவில்லை. தலைவரின் சட்டையைப் பிழிந்தால் ஒரு வாளி வந்திருக்கும். ஒரு பெண் மயங்கிவிட்டாள். நீ ஒரு தடவைகூடத் திரும்பிப் பார்க்கவில்லை.

தாம்பரத்தில் இறங்கியதும் தலைவர் தண்ணீர் வாங்கிக் குடித்தார். "ஷ்யாம், ஒருத்தர் மெதுவா போனா அத்தனை பேரும் நிக்கணும்னா இதுக்குப் பேர் போக்குவரத்து இல்லையே" என்றார். அவ்வளவுதான். கோவிலம்பாக்கமும் இல்லை, கீழ்க்கட்டளையும் இல்லை. இருக்கிற பாதையையும் வருஷக் கடைசியோடு மூடிவிடலாம் என்று எழுதியிருக்கிறார்கள். ஆபீஸில் என்னைப் பார்த்தால் பேச்சை நிறுத்துகிறார்கள். என் ரூம் கதவில் யாரோ 'ப்ரியா லைன்' என்று எழுதி ஒட்டியிருக்கிறார்கள்.

ஒரே ஒரு வழி இருக்கிறது. நீ கமிட்டிக்கு எழுதித் தர வேண்டும். உனக்கு அனுமதி இல்லை என்று தெரிந்தே வந்தாய், தம்பி மேல் இருக்கிற குடும்பக் கோபத்தில் வேண்டுமென்றே அப்படிச் செய்தாய், உன் மனநிலை சரியில்லை. இந்த மூன்றையும் எழுதிக் கையெழுத்துப் போடு. சாதாரணமாக அப்படி நடக்காது என்று நான் வாதாடிக்கொள்கிறேன். பத்து வருஷத்தை நாசம் செய்தவளுக்கு இது பெரிய காரியம் இல்லை.

எழுதித் தராவிட்டால் எனக்கு அக்கா என்று ஒருத்தி இல்லை என்று வைத்துக்கொள்வேன்.

ஷ்யாம்சுந்தர்


முடிச்சூர்
21 செப்டம்பர்

மதிப்பிற்குரிய ஐயா,

தாங்கள் எழுதிய கடிதம் இந்த முகவரிக்குத் தவறுதலாக வந்துவிட்டது. அதில் அக்கா என்று யாரையோ குறிப்பிட்டிருக்கிறீர்கள். அப்படி ஒருவர் இங்கே இல்லை. அன்று குழாயில் தங்களுக்கு முன்னால் போன சைக்கிள்காரி நான்தான். தங்களுக்கும் எனக்கும் அந்த அளவுக்குத்தான் பழக்கம். தங்கள் கடிதத்தில் ஓர் இடம் விட்டுப்போயிருக்கிறது, அதை மட்டும் நிரப்பித் தருகிறேன்.

ஆகஸ்ட் மாதம் முழுக்க ரிங் ரோட்டுச் சரிவில் தினமும் ஏறிப் பழகினேன். முதல் வாரம் பாதியில் விழுந்தேன். முட்டி இரண்டும் தேய்ந்துபோயிற்று, நல்ல கால் கெட்ட கால் என்று வித்தியாசம் இல்லாமல் இரண்டும். மாதக் கடைசியில் ஏறிவிட்டேன். ஏறிய பிறகு மூச்சு வாங்கிக் கொஞ்ச நேரம் மெதுவாகத்தான் போக முடியும், ஆனாலும் ஏறிவிட்டேன். எனக்கு ஒரு தம்பி இருந்தான். அந்தப் புதன்கிழமை பச்சை விழுவதை அவன் பார்த்தால், பெரிய மனிதர்களுக்கு எதிரில் 'இவள் என் அக்கா, இவளுக்காகத்தான் இதைக் கட்டினேன்' என்று சொல்லுவான் என்று நினைத்துக்கொண்டு வந்தேன். நாற்பத்து நாலு வயதில் இப்படி ஒரு நினைப்பு.

முதல் பாதி முழுக்க என் உயிரைக் கொடுத்து மிதித்தேன், ஐயா. பின்னால் யார் வருகிறார்கள் என்று தெரிந்துதான் மிதித்தேன். தங்களுக்குத் தலைகுனிவு வரக்கூடாது என்று மிதித்தேன். கண்ணெல்லாம் இருட்டிக்கொண்டு வந்தது. அப்போதுதான் பின்னாலிருந்து குரல் கேட்டது. குழாயில் சத்தம் எப்படிப் போகும் என்று தாங்களே யாருக்கோ எழுதியிருக்கிறீர்கள்.

"யார் ஷ்யாம் முன்னாடி போற அந்தம்மா? தெரிஞ்சவங்களா?"

"தெரியாது சார். யாரோ ஒரு நொண்டி. எப்படி உள்ள விட்டான்னு விசாரிக்கறேன்."

அதுவரை என்னால் முடிந்த வேகத்தில்தான் போனேன். அதற்கப்புறம் இல்லை. தாங்கள் அதைச் சொல்லாமல் இருந்திருந்தால் கோவிலம்பாக்கம் வரைக்கும் அல்ல, அதற்கு அப்பாலும் கட்டியிருக்கலாம். மூன்று வாக்கியம். அதிலேயே என் பாதையையும் மூடினீர்கள், தங்கள் பாதையையும் மூடினீர்கள்.

திரும்பிப் பார்க்கவில்லை என்று எழுதியிருக்கிறீர்கள். தெரியாதவர்களை எதற்குத் திரும்பிப் பார்க்க வேண்டும்?

கமிட்டிக்கு எழுதிவிட்டேன். ஜெபகுமார் என்கிற பையன் மேல் தப்பில்லை, விளக்கு பச்சையாகத்தான் விழுந்தது என்று எழுதினேன். வேறு ஒரு வரி எழுதவில்லை. தாங்கள் கேட்ட மூன்றும் தங்கள் அக்கா எழுத வேண்டியவை, அவரைக் கண்டுபிடித்துக் கேட்டுக்கொள்ளுங்கள்.

இந்த வீட்டில் அபிதகுஜாம்பாள் என்று வயதான அம்மாள் ஒருவர் இருக்கிறார். "ஷ்யாம் எப்போடி வருவான்?" என்று தினமும் கேட்டுக்கொண்டிருந்தார். "எந்த ஷ்யாம்?" என்றேன். இரண்டு நாள் அழுதார். இப்போது கேட்பதில்லை.

சைக்கிளைக் கீரைக்கார அம்மாவின் மகளுக்குக் கொடுத்துவிட்டேன். இப்போது டவுன் பஸ்ஸில்தான் பள்ளிக்குப் போகிறேன். படி உயரம். நல்ல காலை மேலே வைத்து, கம்பியைப் பிடித்து, இன்னொரு காலைக் கையால் தூக்கி வைக்க வேண்டும். பஸ்ஸில் இருக்கிற அத்தனை பேரும் பார்ப்பார்கள். இருபது வருஷமாகத் தெருவில் ஒருவருக்கும் தெரியாத கால் இப்போது முடிச்சூர் முழுக்கத் தெரியும். முதல் நாள் செத்துவிடலாம் போலிருந்தது, பழகவும் இல்லை, இன்னும் அப்படித்தான் இருக்கிறது.

கண்டக்டர் மட்டும் விசிலை வாயில் வைத்துக்கொண்டு ஊதாமல் நிற்பார். டிரைவர் அவசரப்பட்டு வண்டியை உறுமவிட்டால் விசிலை எடுத்துவிட்டுக் கத்துவார்: "இருப்பா, அக்கா ஏறிக்கினு கீறாங்க பாரு."

அவருக்கும் நான் யாரென்று தெரியாது.

இப்படிக்கு,
தங்களுக்குத் தெரியாத
ப்ரியா